மைசூரில் புகையில்லாத ஓர் அறை

மைசூரில் நான் சந்தித்த ஆட்களில் பாதிப்பேர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கன்னடத்தில் கேட்டார்கள், தமிழில் கேட்டார்கள், இந்தியில்கூட ஒருவர் கேட்டார். "கேரம் போர்டா?"

கேரம் போர்டு இல்லை. என் கையில் இருந்தது என் அக்கா மகள் தாரணியின் படிப்பு. காலேஜில் துணி டிசைன் படிக்கிறாள், கடைசி வருடம். எனக்கும் துணியில் அனுபவம் உண்டு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அவள் துணியைப் பற்றி யோசிப்பாள், நான் சுருக்கம் எடுப்பேன். மற்றபடி எனக்கும் படிப்புக்கும் ஐந்தாம் வகுப்போடு பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. வாத்தியார் வாயைத் திறந்தால் எனக்குக் கண் மூடிவிடும். ஒருநாள் அவர் என்னை எழுப்பி, "பாயும் தலையணையும் உன் வீட்டில்தானே இருக்கிறது, அங்கேயே போய்ப் படு" என்றார். வாத்தியார் சொல்லை நான் மதித்து நடந்தது அந்த ஒரு தடவைதான்.

தாரணி செய்ய நினைத்தது இது. பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். கூட்டைப் புழுவோடு சேர்த்துக் கொதிக்க வைத்துத்தான் நூல் எடுப்பார்கள். அந்தப் புழுவை மூலை முடுக்கு எதுவும் இல்லாத வழவழப்பான பலகையில் விட்டால், நூலை மாட்டிக்கொள்ளப் பிடிப்பு கிடைக்காது, கூடு கட்ட முடியாது. வயிற்றில் இருக்கிற நூலை வைத்துக்கொண்டும் இருக்க முடியாது. அதனால் பலகை மேலேயே நூலை இழைத்துக்கொண்டு திரியும். நிறையப் புழு சேர்ந்து இழைத்தால் ஒரு பட்டுத் தாள் வரும். தறி இல்லை, நெசவு இல்லை, கொதிக்கிற தண்ணீரும் இல்லை. புழு பிழைத்துக்கொள்ளும்.

"எல்லா இடத்துலயும் ஒரே கனமா வரணும் மாமா. அப்படித்தான் காலேஜுல எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாள்.

முதல் தடவை கோபி பக்கம் செய்து பார்த்தாள். பழுக்காத, அதாவது இன்னும் தின்று முடிக்காத புழுவைக் கொடுத்து விட்டார்கள். அதுகள் பலகையை விட்டு இறங்கி இலை தேடிப் போய்விட்டன. இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவைக்கு நாள் இல்லை. தாள் இல்லாமல் போனால் ஒரு வருடம் போய்விடும். அக்காவோ இன்னொரு வருடம் படிக்க வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று பனியனில் ஓட்டை தேடட்டும் என்பது அவள் முடிவு. நானும் தினமும் அந்த டேபிளைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அங்கே நிற்கிற பிள்ளைகள் மத்தியானத்துக்கு மேல் ஒன்றும் பேச மாட்டார்கள்.

மைசூர் பக்கம் மாதம்மா என்பவர் வீட்டில் புழு பழுக்கப் போகிறது என்று தாரணிக்குத் தகவல் வந்தது. தனியாக அனுப்ப அக்காவுக்கு மனமில்லை. காவலுக்கும் சுமைக்கும் சேர்த்து ஓர் ஆள் தேவைப்பட்டது. இரண்டுக்கும் தகுதியில்லாத என்னை அனுப்பினாள்.

பலகை எங்கள் தெரு ஆசாரி செய்தது. அவர் பாசக்காரர். தாரணி படிப்புக்கு என்றதும் நாலு பக்கமும் அழகாக விளிம்பு வைத்து, இழைத்து, வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். தாரணி பார்த்துவிட்டு அழாத குறை. விளிம்பு இருந்தால் புழு அந்த மூலையில் போய்க் கூடு கட்டிவிடும், வார்னிஷ் வாசனைக்குச் செத்தும் போகும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பலகையை மொட்டையாக வாங்கி வந்தோம். ஆசாரி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

பஸ்ஸில் மேலே வைக்க இடமில்லை. பலகை என் மடியில் வந்தது. திம்பம் மலையில் வளைவுக்கு வளைவு அது என் தாடையைத் தொட்டு நலம் விசாரித்தது. பக்கத்து சீட்டு ஆள் நடுவழியில் என் பலகை மேல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டார். முடித்துவிட்டுத்தான் கேட்டார், கேரம் போர்டா என்று.

மைசூரில் இறங்கியபோது என் முதுகு எனக்குச் சொந்தமாக இல்லை. ஆனால் ஊர் மணத்தது. பூக்கடையில் ஊதுபத்தி, டீக்கடைக் கல்லாவில் ஊதுபத்தி, ஆட்டோவில் ஸ்டியரிங் பக்கத்தில் ஊதுபத்தி. பஞ்சர் கடையில் பழைய டயர் மேல்கூட ஒன்று செருகிப் புகைந்துகொண்டிருந்தது.

"ஊரே கோயிலாட்ட மணக்குது அம்மிணி" என்றேன்.

"ஆமா மாமா" என்று அவளும் மூச்சை இழுத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வாசனையை நாங்கள் ரசிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே லாட்ஜ் பிடித்தோம். சாப்பாட்டுக்குப் போன இடத்தில் சாம்பார் இனித்தது. பாயசத்தை மாற்றி ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்து சர்வரைக் கூப்பிட்டேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே திரும்பிக் கன்னடத்தில் என்னவோ சொன்னார். தாரணிக்கு ஹாஸ்டலில் கன்னடத்துத் தோழி இருக்கிறாள், ஓரளவு புரியும்.

"என்ன சொல்றாரு?"

"தமிழ்க்காரங்க வந்திருக்காங்க, காரப்பொடி எடுத்துட்டு வாங்கறாரு."

காபி மட்டும் எங்கள் ஊர்க் காபியை உட்கார வைத்துப் பாடம் நடத்தும். இரண்டு குடித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி ஒரு கிராமத்தில் மாதம்மா வீடு. அவருக்கு ஹனூர்ப் பக்கம் சொந்த ஊர். கட்டிக்கொடுத்த இடத்தில் கன்னடம், பிறந்த வீட்டில் எங்கள் பேச்சு. எங்களைக் கண்டதும் சந்தோஷமாகக் கையைக் காட்டினார். வரவேற்கிறார் என்று நினைத்து நான் வேகமாகப் போனேன். நிற்கச் சொல்லியிருக்கிறார்.

"அங்கியே நில்லுங்ணா. தலைக்கு என்ன போட்டிருக்கறீங்க?"

"தேங்கா எண்ணெய்ங்க."

"மூஞ்சிக்கு?"

"பவுடருங்க."

"வாயில?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"போயலையா?"

"கொஞ்சமுங்க."

"கொஞ்சமாமா. நீங்க உள்ள வந்து ஒரு கொட்டாவி விட்டாப் போதும், என்ற புழு மொத்தமும் படுத்துக்கும்."

குழாயடியில் குளிக்க வைத்தார். என் சட்டையில் புகையிலை நெடி ஏறியிருக்கிறது என்று தன் வீட்டுக்காரர் சட்டையும் லுங்கியும் கொடுத்தார். அவர் வீட்டுக்காரர் ஒல்லி. சட்டையில் மேல் பட்டன் இரண்டும் மாட்டியது, வயிற்றுப் பக்கம் இருந்த பட்டன்கள் எதிர்ப் பக்கத்தைக் கண்ணால் பார்த்ததோடு சரி. தாரணி அந்தப் பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றாள். என் பொட்டலம் எருக்குழிக்குப் போனது.

"புழு கட்டி முடிக்கற வரைக்கும் வாயில வெக்கப்படாது, ஆமா. கையில தொட்டுட்டு புழுவத் தொட்டாலும் போச்சு" என்றார் மாதம்மா. வாலிப வயதிலிருந்து என்னோடு ஒட்டி வந்த ஒரே சிநேகிதம் இப்படி ஒரு புழுவுக்காக முடிந்தது.

காலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போனோம். ஜன்னலுக்கெல்லாம் சாக்குத் தொங்கியது. நான் ஒரு கூடையில் இடித்துக்கொண்டேன்.

"இருட்டா இருக்குதுங்களே."

"அதுக்கு இருட்டுத்தான் புடிக்கும். கண்ணு கூசற எடத்துல கட்டாது" என்று சொல்லிக்கொண்டே ஒரு மூங்கில் தட்டை இழுத்தார்.

பழுத்த புழு தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. தின்பதை நிறுத்திவிட்டு எல்லாம் தலையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தன. ராத்திரி பஸ் ஸ்டாண்டில் ஊர் போர்டு தேடுகிற ஆட்கள் அப்படித்தான் கழுத்தை நீட்டுவார்கள்.

தாரணி கொட்டகையில் ஓர் ஓரத்தில் பலகையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். மாதம்மா 'வேண்டாம்' என்பதைக் கன்னடத்தில் அன்பாகத்தான் சொன்னார். "இங்க பேடா கண்ணு. வெளியாளு நாலு நாள் போய்ட்டு வந்துட்டு இருந்தா மத்ததுக்கு நோவு வந்துரும். என்ற பொழப்பே இதுதானே. கூடையில தர்றேன், உங்க ரூமுல கட்ட விடு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பலகையில விட்டுரோணும், இல்லீன்னா கூடையிலயே கட்டிப் போடும். அப்பறம் பொகை ஆகாது. பீடி, கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, ஒண்ணும் ஆகாது."

நானும் தாரணியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மைசூரில், வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊதுபத்தி ஆகாதாம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் சாமி படத்துக்கு ஒரு கொத்துப் பத்தி கொளுத்தினார். நாங்கள் கூடையோடு கடைசி சீட்டுக்கு ஓடினோம். நான் பலகையைத் தூக்கி முன்னால் இருந்து வருகிற புகையை விசிறி விரட்டினேன். இறங்கும் வரைக்கும் விசிறினேன். முன் சீட்டுப் பெரியவர் காற்று நன்றாக வருகிறது என்று தூங்கிவிட்டார்.

ஆட்டோ ஸ்டாண்டில் முதல் ஆட்டோவில் ஊதுபத்தி. இரண்டாவதில் ஊதுபத்தி. மூன்றாவது டிரைவரிடம் தாரணி கையைக் கூப்பிக் கேட்டாள். அவர் நல்ல மனிதர், ஊதுபத்தியை அணைத்துவிட்டார். அணைத்த கையோடு பீடியைப் பற்ற வைத்தார். நடந்தோம்.

லாட்ஜில் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துண்டை அடைத்துவிட்டு உட்கார்ந்தோம். உட்கார்ந்த சுகத்தை முதுகு உணர்வதற்குள் கதவைத் தட்டினார்கள். கதவு இடுக்கில் பார்த்தால் மேனேஜரே சாம்பிராணித் தட்டோடு நின்றார். ஒவ்வொரு ரூமுக்கும் புகை காட்டுவது அவர் வழக்கம். லட்சுமி உள்ளே வரவேண்டும், கதவைத் திற என்கிறார். அவர் கன்னடத்தைத் தாரணி தமிழில் சொல்லச் சொல்ல நான் கதவுக்கு உள்ளிருந்து பதில் சொன்னேன்.

"எங்களுக்கு லட்சுமி வேண்டாமுங்க. நாங்க இப்படியே இருந்துக்கறோம்."

லட்சுமியை வேண்டாம் என்கிற ஆளை எந்த மேனேஜர் நம்புவார். கதவைத் திறக்க வைத்துவிட்டார். தட்டை வெளியே வைக்கச் சொல்லித் தாரணி கெஞ்சினாள். அவர் வைத்துவிட்டு வந்து கூடையின் துணியைத் தூக்கினார். துணியை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அப்புறம் அவர் பேசியதைத் தாரணி எனக்குச் சுருக்கித்தான் சொன்னாள். "ரெண்டு பேருன்னு எழுதிட்டு ஒரு ஊரையே கூட்டிட்டு வந்திருக்கீங்களாம். காலி பண்ணணுமாம்."

தெருவுக்கு வந்தோம். ஆளுக்கொரு பை, பொதுவில் ஒரு பலகை, ஒரு கூடை. தாரணி துணியை ஒதுக்கிப் பார்த்தாள். ஓரத்தில் நாலைந்து புழு மூங்கில் பின்னலில் நூலை மாட்ட ஆரம்பித்திருந்தது.

"மாமா, கட்ட ஆரம்பிச்சிருச்சு" என்றாள். அவள் குரல் உடைந்தால் நான் ஏதாவது ஜோக் அடிப்பது வழக்கம். அப்போது ஒன்றும் வரவில்லை. வாயில் புகையிலையும் இல்லை, ஜோக்கும் இல்லை.

மார்க்கெட் பக்கமாக நடந்தோம். நடைபாதை முழுக்க ஊதுபத்திக் கடை. வாடிக்கையாளர் மோந்து பார்க்க ஒவ்வொரு கடையிலும் ஒரு பத்தி எரிந்தது. நாங்கள் தெருவின் எதிர்ப்பக்கம் சுவரை ஒட்டிப் போனோம். எதிர்ப்பக்கமும் ஒரே ஒரு ஊதுபத்திக் கடை இருந்தது. அங்கே மட்டும் புகை இல்லை. கால் வலித்ததால் அதன் முன்னால் நின்றேன்.

"கேரம் போர்டா சார்?" என்றார் கடைக்காரர், நல்ல தமிழில்.

"இல்லீங்க. ஏனுங், உங்க கடையில மட்டும் பத்தி எரியலையே? கொளுத்திக் காட்டாம எப்படி விக்கிறீங்க?"

"மூக்கு இருக்கில்ல சார். குச்சியையே மோந்து பார்த்து வாங்கலாம். எங்க வீட்டம்மாவுக்கு வீசிங். சட்டையில புகை ஒட்டிட்டுப் போனாலே அவளுக்கு இழுக்க ஆரம்பிச்சிடும். அதனால கடையிலயும் பேடா, வீட்லயும் பேடா."

தாரணி கூடையைக் கீழே வைத்தாள். "வீட்ல சாமிக்குக்கூட ஏத்த மாட்டீங்களா?"

"சாமி பொறுத்துக்குவாரும்மா. அவ பொறுத்துக்க மாட்டா."

"கொசுவத்தி?"

"வலை."

"பீடி சிகரெட்?"

"என்னம்மா, பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி கேக்கறீங்க?"

அவர் பெயர் முருகேசன். அப்பா காலத்திலேயே தர்மபுரியிலிருந்து வந்த குடும்பம். தாரணி அவரிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள், அழுகையும் கொஞ்சம் கலந்து. அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்துக் கன்னடத்தில் பேசினார். தாரணி என் காதில் மொழிபெயர்த்தாள். "சரோஜா, ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன். கூட ஸ்வல்பம் புழுவும் வருதுன்னு சொல்றாரு." அந்தப் பக்கத்தில், சாப்பிட்டார்களா என்று கேட்டார்களாம்.

முருகேசன் வீடு சந்துக்குள் இருந்தது. வாசல் குழாயில் அவர் சட்டையைக் கழற்றி நனைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கொடியில் கிடந்த வேறு சட்டையைப் போட்ட பிறகுதான் உள்ளே காலை வைத்தார். தினமும் அப்படித்தானாம். ஊருக்கே வாசனை விற்கிறவர் தன் வீட்டுக்குள் மட்டும் வாசனை இல்லாமல் நுழைகிறார். சரோஜா அக்கா என்னையும் குழாயடிக்கே அனுப்பினார். ஒரே நாளில் இரண்டு குளியல். எங்கள் வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

முன்னறையில் கட்டில் போட்டு அதன் மேல் பலகையை வைத்தோம். எறும்பு ஏறாமல் கட்டில் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர். இரண்டு பக்கத்து வீட்டிலும் காலை மாலை பத்தி ஏற்றுவார்கள் என்பதால் ஜன்னலை அடைத்துத் துணி செருகினோம். பகலிலும் சுவர் பல்பு ஒன்றுதான் வெளிச்சம். சுவரில் ஒரு பல்லி நிரந்தரக் குடியிருப்பு. அதனால் யாராவது துடைப்பத்தோடு உட்கார்ந்தே இருக்க வேண்டும். பல்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அது என் வேலை.

தாரணி ஒவ்வொரு புழுவாக எடுத்துப் பலகையில் விட்டாள். அதுகள் நேராக ஓரத்துக்கு வந்து தலையை நீட்டிப் பார்த்தன. எடுத்து நடுவில் விட்டோம். திரும்பவும் வந்தன. திருவிழாக் கூட்டத்தில் குழந்தைகளைக் கட்டி மேய்ப்பது மாதிரி மேய்த்தோம். சனிக்கிழமை மத்தியானத்துக்குத்தான் அதுகளுக்கு வேறு வழியில்லை என்று புரிந்தது. எனக்கு ஐந்தாம் வகுப்பில் புரிந்த மாதிரி. ஒவ்வொன்றாக நின்ற இடத்தில் தலையை எட்டுப் போட்டு ஆட்ட ஆரம்பித்தது. பலகை மேல் வெண்மையாக ஏதோ படிந்தது, கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி.

தாரணியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

அவளுக்கு வெளியிலும் வேலை இருந்தது. மரத்தில் மரம் பதித்துப் படம் செய்கிற பட்டறை, சாயம் காய்ச்சுகிற இடம், ஜரிகைக் கடை என்று பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டுமாம். "பல்லியப் பாத்துக்குங்க மாமா. ஓரத்துக்கு வந்தா எடுத்து விடுங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

"நீ போய்ட்டு வா அம்மிணி. நான் இந்த எடத்த விட்டு அசைய மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அசையவே இல்லை. புகையிலை இல்லாத தலை ஈரச்சாக்கு மாதிரி கனத்தது. அடைத்த அறை, மங்கிய பல்பு, சத்தமில்லாமல் வேலை செய்கிற புழுக்கள். சரோஜா அக்கா வாசற்படியில் நின்று பேச்சுக் கொடுத்தார். ராகிக் களியும் கீரைச் சாறும் கொண்டுவந்தார். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்றார். விழுங்கினேன். அது வயிற்றுக்குள் போய் ஒரு கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. அதற்குமேல் மனிதன் என்ன செய்வான். துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி, தலை மார்பில் சாய, உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டேன்.

விழித்தபோது சாயங்காலம். பதறிப்போய்ப் பார்த்தேன். பல்லி அதே இடத்தில் இருந்தது, புழு எதுவும் குறைந்த மாதிரி இல்லை. தாரணி வந்ததும், "கண்ணக்கூட சிமிட்டல" என்றேன். அது பாதி உண்மை. மூடிய கண்ணைச் சிமிட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமையும் அதே நாற்காலி, அதே களி, அதே காவல்.

திங்கட்கிழமை காலை புழுக்கள் வேலையை முடித்துவிட்டன. நூலெல்லாம் கொடுத்துவிட்டுச் சுருங்கி, தோலை மாற்றிக்கொண்டு, கூடில்லாத பழுப்புப் புழுக்களாகக் கிடந்தன. தாரணி அதுகளை மெதுவாகப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்தாள். பட்டுப்பூச்சி ஆகும் வரைக்கும் தானே வைத்துக்கொள்வதாக சரோஜா அக்கா வாங்கிக்கொண்டார். அப்புறம் தாரணி தாளின் ஒரு மூலையில் நகத்தை விட்டாள். அது உரிந்து வந்தது. கிழியவில்லை. நிஜமாகவே ஒரு துணி. நான் இத்தனை வருடம் துணியைத் தொட்டு வேலை செய்தவன், அந்த மாதிரி ஒன்றைத் தொட்டதில்லை.

அவள் அதைப் பல்புக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

"மாமா."

சுற்றிலும் மெல்லிசாக, வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. நடுவில் மட்டும் ஒரு பெரிய திட்டு, தடித்து, வெளிச்சம் புகாமல். ஒரே கனமாக வரவேண்டிய தாள்.

"எல்லாம் ஒரே எடத்துல போய்க் கட்டியிருக்குது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "அங்க எதுக்குப் போச்சுன்னு தெரியலையே."

நான் தேய்த்துச் சரிசெய்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். நல்லவேளை, சொல்லவில்லை.

முருகேசன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "சரோஜா, இங்க வா. யாரோ குந்திட்டிருக்கற மாதிரி இல்ல?"

சரோஜா அக்கா வந்து பார்த்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவருக்கு இழுப்பு வந்துவிட்டது. மருந்தை உறிஞ்சிக்கொண்டே என்னைக் கையால் காட்டினார். "அண்ணா... அது... நீங்கதானே."

கீழே ஒரு பெரிய பூசணிக்காய். அதன் மேல் ஒரு சின்னப் பூசணிக்காய், முன்னால் சரிந்து. என்னைத் தெரியாதவர்களுக்கு அது வெறும் திட்டு. தெரிந்தவர்களுக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

தாரணி தாளைப் பலகை மேல் திரும்ப விரித்தாள். "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். பல்பைப் போட்டாள். "ரெண்டு நாளா எப்படி உக்காந்திருந்தீங்களோ அப்படி உக்காருங்க."

"நிமிந்துதான் உக்காந்திருந்தேன்."

"மாமா."

தலையைத் தொங்கப் போட்டேன். என் நிழல் பலகை மேல் போய் அந்தத் திட்டின் மேல் அளவெடுத்த மாதிரி படுத்துக்கொண்டது. இருட்டுத்தான் பிடிக்கும் என்று மாதம்மா சொன்னாரே. அந்த அறையில் பல்பு வெளிச்சம் இல்லாத ஒரே இடம் என் தொப்பை விழுந்த இடம். அத்தனை புழுவும் அங்கே வந்து வீடு பிடித்திருக்கிறது.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. போனை எடுத்து என்னையும், பல்பையும், நிழலையும், தாளையும் நாலைந்து பக்கமிருந்து போட்டோ எடுத்தாள். ஊருக்கு வருகிற வழியெல்லாம் அந்த போட்டோக்களையே புரட்டிக்கொண்டு வந்தாள். தாள் அவள் மடியில் சுருட்டி இருந்தது. பலகை என் மடியில். மலை வளைவில் அது தாடையில் இடித்தபோது இந்த முறை நியாயமாகத்தான் பட்டது.

பஸ் ஸ்டாண்டில் அக்கா நின்றிருந்தாள். "நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள். "மாமா நல்லா வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டுத் தாரணி முன்னால் நடந்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்தேன்.

காலேஜில் காட்டுகிற நாளன்று நான் கம்பெனியில் ஒரே பனியனை மூன்று தடவை தேய்த்துக்கொண்டிருந்தேன். வழியில் செக்கிங் டேபிளில் ஓர் இடம் காலியாக இருந்ததை வேறு பார்த்துவிட்டு வந்திருந்தேன். மத்தியானம் போன் வந்தது.

"ஏன் ஒரே கனமா இல்லன்னுதான் மொதக் கேள்வி மாமா."

"ம்."

"வெளிச்சத்துல கட்டாது, நிழல்ல கட்டும். அப்ப நிழல வெச்சே துணிக்குள்ள உருவம் கொண்டுவரலாம், நூல் வேண்டாம் சாயம் வேண்டாம்னு சொன்னேன். அந்த போட்டோவெல்லாம் காட்டுனேன்."

"ம்."

"எப்படிக் கண்டுபுடிச்சேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்க மாமா தூங்குனாருன்னு சொன்னேன். யாரும் நம்பல. தாளத் தூக்கி வெளிச்சத்துல காட்டுனேன், நம்பிட்டாங்க." அப்புறம்தான் அவள் சிரித்தாள். "பாஸ் மாமா. அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க."

போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். காலேஜ் கூடத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பின்னால் விளக்கு வைத்து அந்தத் தாளை மாட்டியிருக்கிறார்கள். பூசணிக்காய் மேல் பூசணிக்காய். கீழே இங்கிலீஷில் என்னவோ எழுதியிருக்கிறது. பிள்ளைகள் நின்று பார்க்கிறார்கள். வகுப்பில் தூங்கினேன் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் நான். இப்போது காலேஜுக்குள்ளேயே, விளக்குப் போட்டு, தூங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு வாத்தியாரும் எழுப்பவில்லை.